இன்ஹேலர் எடுத்தும் மருந்து கேட்கவில்லையா? அறிகுறியை வைத்துப் பிழையைப் பிடிக்கும் வழி

மருந்து கேட்கவில்லை என்று நோயாளி சொன்னதும் டோஸைக் கூட்டுவது சுலபம், வேறு மருந்துக்கு மாற்றுவது அதைவிடச் சுலபம். சிஓபிடி (மூச்சுக்குழாய்கள் நிரந்தரமாகச் சுருங்கிப்போகும் நோய்), ஆஸ்துமா போன்ற நாள்பட்ட நுரையீரல் நோய்களில் அதற்கு முன்னால் செய்யவேண்டிய வேலை ஒன்று இருக்கிறது: அவர் இன்ஹேலரை எப்படி எடுக்கிறார் என்று கண்ணால் பார்க்கவேண்டும். 1975 முதல் 2014 வரை வந்த ஆய்வுகளைத் திரட்டி 2016-இல் வெளியான ஒரு மதிப்பாய்வில், இன்ஹேலரைச் சரியாக எடுத்தவர்கள் ஏறக்குறைய 31 சதவீதம்தான், அதுவும் அந்த நாற்பது ஆண்டுகளில் நிலைமை முன்னேறவே இல்லை. அழுத்திப் பீய்ச்சும் இன்ஹேலர் 1956-இல் விற்பனைக்கு வந்தது. அதன்பின் எத்தனையோ மருந்துகளும் கருவிகளும் வந்துவிட்டன, எடுக்கும் விதத்தில் மட்டும் நாம் இன்னும் அங்கேயே நிற்கிறோம்.

நர்ஸ், ஃபார்மசிஸ்ட், பிசியோதெரபிஸ்ட், வீட்டில் அப்பாவையோ பாட்டியையோ கவனித்துக்கொள்கிறவர் என்று சொல்லிக்கொடுக்கிற எல்லோருக்குமாக இதை எழுதுகிறேன். நோயாளி என்ன குறை சொல்கிறாரோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம், ஆனால் அடுத்த இரண்டு பகுதிகளை மட்டும் தாண்டிவிடாதீர்கள்.

முதலில் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்

"இன்ஹேலர் எடுக்கத் தெரியுமா?" என்று கேட்டால் தெரியும் என்றுதான் பதில் வரும். வருடக்கணக்காக எடுக்கிற மனிதர் வேறென்ன சொல்வார்? "நீங்க வீட்ல எப்படி எடுப்பீங்களோ, அப்படியே ஒரு தடவை எடுத்துக் காட்டுங்கம்மா" என்று சொல்லிவிட்டு, அவர் முடிக்கும்வரை வாயைத் திறக்காமல் பாருங்கள். நடுவில் திருத்தினால் அவர் நம் முகத்தைப் பார்த்துப் பார்த்துச் செய்ய ஆரம்பித்துவிடுவார், வீட்டில் செய்கிற பிழை வெளியே வராது. எதிரே உட்காராமல் கொஞ்சம் பக்கவாட்டில் உட்காருங்கள். வாயோரத்தில் கசிகிற புகையும், கருவி எந்தக் கோணத்தில் இருக்கிறது என்பதும் பக்கத்திலிருந்துதான் தெரியும். அவருடைய சொந்தக் கருவியிலேயே பாருங்கள். மருந்து வேளை இல்லை என்றால் மருந்தில்லாத பயிற்சிக் கருவி போதும், ஆனால் அதே வகையாக இருக்கவேண்டும்.

எந்த வகைக் கருவி, எந்த வகை மூச்சு

பாதிக் குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. பீய்ச்சும் இன்ஹேலருக்கு மூச்சை மெதுவாக, நிதானமாக, 4 அல்லது 5 நொடி நீடிக்கும்படி இழுக்கவேண்டும். பொடி இன்ஹேலருக்கு எடுத்த எடுப்பிலேயே வேகமாகவும் பலமாகவும் ஆழமாகவும் இழுக்கவேண்டும். இரண்டும் நேர் எதிர். பலருக்குக் காலையும் இரவும் பொடி, அவசரத்துக்குப் பீய்ச்சும் வகை என்று இரண்டையும் ஒரே சீட்டில் எழுதிக் கொடுத்திருப்பார்கள், பாவம், அவர் இரண்டையும் ஒரே மாதிரி இழுத்துக்கொண்டிருப்பார்.

காரணத்தையும் சொல்லிக்கொடுங்கள், காரணம் தெரிந்தால் மறக்காது. பீய்ச்சும் கருவியில் மருந்து தன் வேகத்திலேயே வெளியே பாய்கிறது. நாமும் வேகமாக இழுத்தால் அது தொண்டையின் பின்சுவரில் மோதி அங்கேயே ஒட்டிக்கொள்ளும். பொடிக் கருவிக்குத் தனக்கென்று வேகம் கிடையாது. மருந்துத் துகள்கள் பெரும்பாலும் லாக்டோஸ் என்ற பால்சர்க்கரைப் பொடியோடு ஒட்டிக்கொண்டிருக்கும், அவற்றைப் பிரித்து எடுப்பதே நோயாளியின் மூச்சுதான். நுரையீரலின் சிறு குழாய்கள்வரை போகவேண்டுமானால் துகள் 1 முதல் 5 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவில் இருக்கவேண்டும், மெல்ல இழுத்தால் பொடி அந்த அளவுக்கு உடையாது.

மூன்றாவது வகை ரெஸ்பிமேட் போன்ற மென்புகைக் கருவி. அதில் புகை மெதுவாக வரும், மூச்சும் மெதுவாகவே இருக்கவேண்டும். எந்த வகையாக இருந்தாலும் இழுப்பதற்கு முன் கருவியை வாயிலிருந்து விலக்கி வைத்து மூச்சை முடிந்தவரை வெளியே விடவேண்டும், இழுத்தபின் 10 நொடி அடக்கவேண்டும். பத்து முடியாதவர் முடிந்தவரை அடக்கினால் போதும், மூச்சுத் திணறலோடு இருப்பவரை வற்புறுத்தாதீர்கள்.

"ஸ்பிரே அடிச்சேன், ஒண்ணும் கேக்கலை"

பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். பொத்தானை அழுத்திய நொடியில் உதட்டோரத்திலோ மூக்கிலோ வெள்ளையாக ஒரு புகை எட்டிப்பார்த்துவிட்டுக் கலைந்தால், அந்த டோஸின் பெரும்பகுதி அங்கேயே போய்விட்டது. இழுக்கத் தொடங்கும் முன்பே அழுத்தியிருப்பார், அல்லது இழுத்து முடித்தபின் அழுத்தியிருப்பார், அல்லது உதடு சரியாக மூடியிருக்காது. மெதுவாக இழுக்க ஆரம்பித்து, ஆரம்பித்த அந்தக் கணத்திலேயே ஒரு அழுத்து, இழுப்பதை நிறுத்தாமல் தொடரவேண்டும். இதைச் சொல்வது எளிது, செய்வது கடினம் என்பதை அவரிடமே ஒத்துக்கொள்ளுங்கள். நாலைந்து முறை காட்டியும் கையும் மூச்சும் ஒத்துவரவில்லையா, இனி அவரை வாட்டாதீர்கள், ஸ்பேசர் (இன்ஹேலருக்கும் வாய்க்கும் நடுவே பொருத்தும் பிளாஸ்டிக் கூடு) கொடுக்கச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள். என்னைக் கேட்டால் பீய்ச்சும் இன்ஹேலர் எடுக்கிற வயதானவர்களுக்கு முதல் நாளிலேயே ஸ்பேசரோடு கொடுத்துவிடுவதுதான் நியாயம்.

சிலர் நேரத்தைச் சரியாகப் பிடித்துவிடுவார்கள், ஆனால் குளிர்ச்சியான மருந்து தொண்டையில் பட்டதும் சட்டென்று மூச்சு நின்றுவிடும். பார்க்கிறவருக்கு எல்லாம் சரியாக நடந்த மாதிரியே தெரியும். தோள்பட்டையைக் கவனியுங்கள், அழுத்திய பிறகும் மார்பு விரிந்துகொண்டே போகவேண்டும், அங்கேயே நின்றுவிட்டால் பிழை அதுதான். இதற்கும் ஸ்பேசர்தான் நல்ல மருந்து.

அப்புறம் சின்னச் சின்னவை. மூடியைக் கழற்றினாரா, கழற்றியபின் வாய்ப்பகுதிக்குள் எட்டிப்பார்த்தாரா? பையில் மூடியில்லாமல் கிடந்த இன்ஹேலருக்குள் நாணயமோ காதுத்தோடோ புகுந்து, மருந்தோடு சேர்ந்து மூச்சுக்குழாய்க்குள் போன சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. குலுக்கினாரா? பல மருந்துகள் உள்ளே கலங்கலாக இருக்கும், குலுக்காவிட்டால் ஒரு அழுத்தில் அதிகமும் மறு அழுத்தில் குறைவுமாக வரும். இரண்டு பஃப் (ஒரு பஃப் என்பது ஒரு அழுத்து) எழுதியிருந்தால் இரண்டையும் ஒரே மூச்சில் அடிக்கக்கூடாது. ஒன்று எடுத்து, அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் இடைவெளி விட்டு, மறுபடி குலுக்கி அடுத்தது.

ஸ்பேசர் இருந்தும் பலன் குறைவு

இரண்டு மூன்று பஃபை மொத்தமாக ஸ்பேசருக்குள் அடித்துவிட்டு இழுக்கிறாரா பாருங்கள், மிகவும் பரவலான பழக்கம் இது. துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்தும் சுவரில் ஒட்டியும் கையில் கிடைப்பது குறைந்துவிடும். ஒரு பஃப், ஒரு மூச்சு, அதுதான் கணக்கு. அடித்ததும் தாமதிக்காமல் இழுக்கவேண்டும். ஒரே நீள மூச்சாக இழுக்க முடியாதவர் வாயை எடுக்காமல் ஐந்து முறை சாதாரணமாக மூச்சு விட்டு வாங்கினால் போதும். சில ஸ்பேசர்களில் விசில் சத்தம் வரும், அது பாராட்டு என்று பலர் நினைக்கிறார்கள், உண்மையில் வேகத்தைக் குறை என்று அர்த்தம்.

கழுவும் முறையும் முக்கியம். பிளாஸ்டிக் சுவரில் நிலைமின்சாரம் இருந்தால் மருந்து அதில் போய் ஒட்டிக்கொள்ளும். பாத்திரம் கழுவும் சோப்பு கொஞ்சம் கலந்த வெதுவெதுப்பான நீரில் முக்கி எடுத்து, துணியால் துடைக்காமல் தானாகக் காயவிடவேண்டும். துணியால் பளபளவென்று தேய்த்துத் துடைப்பது அக்கறையில் செய்வதுதான், ஆனால் அந்தத் தேய்ப்பே நிலைமின்சாரத்தைத் திரும்பக் கொண்டுவந்துவிடும்.

"பொடி இழுத்தேன், உள்ள போன மாதிரியே தெரியலை"

இங்கே இரண்டு விதம் உண்டு, முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். டர்புஹேலர் என்ற திருகி எடுக்கும் பொடிக் கருவியில் வரும் மருந்தின் அளவு மிகச் சிறியது, பலருக்குச் சுவையே தெரியாது. ஒன்றும் தெரியவில்லை என்று இரண்டாவது முறையும் எடுத்துவிடுகிறார்கள். சுவை தெரியாதது பிழையில்லை, அப்படித்தான் இருக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் போதும். அதைக் குலுக்கிப் பார்த்து, சத்தம் கேட்கிறது, மருந்து இருக்கிறது என்று நம்புகிறவர்களும் உண்டு. அந்தச் சத்தம் உள்ளே ஈரத்தை உறிஞ்ச வைத்திருக்கும் பொருளின் சத்தம், மருந்து தீர்ந்த பிறகும் கேட்கும்.

கேப்சூல் வகையில் நிலைமை வேறு, அங்கே மருந்து உண்மையிலேயே உள்ளே போகாமல் இருக்கலாம். இழுத்து முடித்ததும் கேப்சூலை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். உள்சுவரில் மெல்லிய படலம் மட்டும் இருந்தால் சரி, ஓரத்தில் பொடி குவிந்து கிடந்தால் மூச்சு போதவில்லை, அதையே திரும்பப் போட்டு இன்னொரு முறை இழுக்கவேண்டும். ஹேண்டிஹேலரில் ஒரே கேப்சூலை இரண்டு முறை இழுப்பதுதான் முறையே. காதையும் பயன்படுத்துங்கள்: துளையிடும் வகைக் கருவிகளில் கேப்சூல் உள்ளே அதிரும் கடகட சத்தமோ சுழலும் சத்தமோ கேட்கவேண்டும், கேட்காவிட்டால் கேப்சூல் சிக்கியிருக்கிறது அல்லது இழுப்பு பலவீனம். பொத்தானை ஒரு முறை அழுத்தினால் போதும், சந்தேகத்துக்கு நாலு முறை அழுத்தினால் கேப்சூல் நொறுங்கித் துண்டு வாய்க்குள் வரும். ரோட்டாஹேலரில் துளை கிடையாது, திருப்பும்போது கேப்சூல் இரண்டாகப் பிரியும், பிரிந்ததா என்று பார்த்துவிட்டுப் பொடி கொட்டாமல் கிடைமட்டமாகப் பிடித்து இழுக்கவேண்டும்.

கேப்சூலை மாத்திரைபோல் விழுங்கிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். சிரிக்கவேண்டாம், அது எல்லா விதத்திலும் மாத்திரை மாதிரிதான் இருக்கிறது, யாரும் சொல்லாவிட்டால் அவருக்கு எப்படித் தெரியும்? கருவி புதிதாகவே இருக்கிறது, கேப்சூல் மட்டும் தீர்ந்துகொண்டே வருகிறது என்றால் மென்மையாகக் கேட்டுப்பாருங்கள்.

பொடிக் கருவிகளில் மிகப் பெரிய பிழை, இழுப்பதற்கு முன் மூச்சைக் கருவிக்குள்ளேயே விடுவது. தயாராக இருந்த பொடி பறந்துவிடும், மிச்சம் ஈரத்தில் கட்டிபிடிக்கும். டர்புஹேலரை நிமிர்த்திப் பிடித்துத் திருகவேண்டும், படுக்கவைத்துத் திருகினால் அளவு குறைந்துபோகும். அக்யூஹேலரில் நெம்புகோலை விளையாட்டாகத் தள்ளத் தள்ள டோஸ் வீணாகிக்கொண்டே போகும். எலிப்டாவில் மூடியைத் திறந்ததுமே டோஸ் தயாராகிவிடும், எடுக்காமல் மூடினால் அந்த டோஸ் போச்சு, பிடிக்கும்போது காற்றுத் துளையை விரலால் அடைத்துவிடவும் கூடாது.

எல்லாம் சரியாக இருந்தும் மூச்சில் பலம் இல்லை என்றால் அது பழக்கத்தால் தீரும் பிழை இல்லை. நோய் முற்றியவர்களுக்கும், நோய் திடீரென்று அதிகமாகும் நாட்களிலும் வேகமாக இழுக்கவே முடியாது. இழுக்கும் வேகத்தை அளக்கச் சிறு கருவிகள் இருக்கின்றன, அளந்து மருத்துவரிடம் சொல்லி, ஸ்பேசரோடு பீய்ச்சும் வகைக்கோ மென்புகைக் கருவிக்கோ மாற்றவேண்டும்.

எடுத்ததும் இருமல்

பீய்ச்சும் வகையென்றால் வேகமாக இழுக்கிறார், மருந்து தொண்டையில் அடிக்கிறது. மெதுவாக்குங்கள், இல்லையென்றால் ஸ்பேசர். பொடி வகையில் லேசான இருமல் சிலருக்கு வரும், எடுப்பதற்கு முன் ஒரு வாய் தண்ணீர் குடித்துப் பார்க்கலாம். ஒவ்வொரு முறையும் எடுத்தவுடன் மூச்சிரைப்பும் நெஞ்சிறுக்கமும் கூடினால் அதைப் பழக்கப் பிழை என்று தள்ளிவிடாதீர்கள், அந்த மருந்தை மேலும் எடுக்காமல் உடனே மருத்துவரிடம் பேசவேண்டும்.

வாயில் வெள்ளைப் படை, குரல் கரகரப்பு

ஸ்டீராய்டு கலந்த இன்ஹேலர் எடுப்பவரிடம் இது வந்தால் இரண்டு கேள்வி. எடுத்தபின் வாய் கொப்பளித்து, தொண்டை நனையக் கொப்பளித்து, துப்புகிறீர்களா? பலர் ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டு அதையே கொப்பளிப்பது என்று நினைத்துக்கொள்கிறார்கள். பல் துலக்குவதற்கு முன் இன்ஹேலர் எடுக்கும்படி பழக்கிவிட்டால் கொப்பளிப்பது தானாக நடந்துவிடும். இரண்டாவது, ஸ்பேசர் இருக்கிறதா? பெரிய துகள்கள் ஸ்பேசரிலேயே தங்கிவிடுவதால் வாயில் படிவது வெகுவாகக் குறையும். வந்துவிட்ட பூஞ்சைக்குத் தனியாக மருந்து வேண்டும், அதற்காக ஸ்டீராய்டு இன்ஹேலரைத் தாங்களாகவே நிறுத்திவிடுகிறவர்கள்தான் அதிகம், அதைத் தடுத்து நிறுத்துங்கள்.

கைநடுக்கம், படபடப்பு

சால்பியூட்டமால் போன்ற, திணறல் வந்தால் எடுக்கும் அவசர மருந்துகளுக்கு இது இயல்பான பக்கவிளைவு, கொஞ்ச நேரத்தில் அடங்கும். ஆனால் ஒரு நாளைக்கு எத்தனை பஃப் என்று கேட்டே ஆகவேண்டும். தினமும் எடுக்கவேண்டிய மருந்து உள்ளே சரியாகப் போகாததால், அல்லது "இப்ப நல்லாத்தான் இருக்கு" என்று அதை விட்டுவிட்டதால், அவசர மருந்தையே நாள் முழுக்க அடித்துக்கொண்டிருப்பார். நடுக்கத்தைவிட அந்த எண்ணிக்கைதான் நமக்குத் தேவையான தகவல், அது ஏறிக்கொண்டே போனால் மருத்துவரைப் பார்க்க நாள் தள்ளக்கூடாது. இரண்டு கருவிகளிலும் பெரிய எழுத்தில் 'தினமும்', 'திணறினால் மட்டும்' என்று ஒட்டிக் கொடுங்கள்.

கண் மங்கல், வாய் வறட்சி

மூச்சுக்குழாயை விரிக்கும் டியோட்ரோபியம், இப்ராட்ரோபியம் போன்ற மருந்துகள் வாயை வறளச் செய்யும், சிலருக்குச் சிறுநீர் கழிக்கச் சிரமம் வரும், அதை மருத்துவரிடம் சொல்லவேண்டும். கண் மங்கினால் மருந்து கண்ணில் பட்டதா என்று பாருங்கள். நெபுலைசர் (திரவ மருந்தைப் புகையாக்கித் தரும் கருவி) மாஸ்க் தளர்வாக இருந்து மேல்பக்கம் கசிவது வழக்கமான காரணம், மாஸ்க்குக்குப் பதில் வாயில் வைக்கும் குழாய் வகை நல்லது. கேப்சூல் தொட்ட கையால் கண்ணைக் கசக்கக்கூடாது. கண் சிவந்து வலித்து, விளக்கைச் சுற்றி வளையம் தெரிந்தால் கண் அழுத்தம் ஏறியிருக்கலாம், அன்றைக்கே மருத்துவமனை.

ஸ்பிரே வரவில்லை, அல்லது வருகிறது ஆனால் பலம் இல்லை

புதிய இன்ஹேலரையும் பல நாள் தொடாமல் வைத்திருந்ததையும் முதலில் காற்றில் சில முறை அடித்துத் தயார்செய்யவேண்டும், எத்தனை முறை என்பது மருந்துக்கு மருந்து மாறும், உள்ளே இருக்கும் தாளில் போட்டிருக்கும். ரெஸ்பிமேட் புதிது என்றால் புகை கண்ணுக்குத் தெரியும்வரை அடித்து, அதற்குமேல் இன்னும் மூன்று முறை. வாய்ப்பகுதித் துளையில் வெள்ளையாகப் படிந்து அடைத்திருந்தால் உலோகக் குப்பியைக் கழற்றி வைத்துவிட்டு, பிளாஸ்டிக் பகுதியை மட்டும் வெதுவெதுப்பான நீரில் அலசி நன்றாகக் காயவைக்கவேண்டும். பொடிக் கருவியின் பக்கமே தண்ணீரைக் கொண்டுபோகாதீர்கள், காய்ந்த துணி போதும்.

குப்பி காலியா என்று தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்ப்பதையும் குலுக்கிப் பார்ப்பதையும் இன்றோடு விட்டுவிடச் சொல்லுங்கள். மருந்து தீர்ந்தபின்னும் உந்துவாயு மிச்சமிருக்கும், புஸ் என்று சத்தத்தோடு வரும், அதில் மருந்து இருக்கும் என்று நம்பமுடியாது. எண்காட்டி இருந்தால் அதைப் பாருங்கள், இல்லையென்றால் கணக்கு: 120 டோஸ் உள்ள குப்பியில் காலை 2, இரவு 2 எடுத்தால் 30 நாள். திறந்த தேதியையும் தீரும் தேதியையும் குப்பியின் மேலேயே எழுதிவிடுங்கள். இந்தக் கணக்கு இன்னொன்றையும் காட்டிக்கொடுக்கும், மூன்று மாதமாக ஒரே குப்பி ஓடுகிறது என்றால் எடுக்கும் முறையைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே, அவர் ஏன் எடுக்காமல் விடுகிறார் என்று கேட்கவேண்டியிருக்கும்.

கை வரவில்லை, நினைவில் நிற்கவில்லை

மூட்டுவாதம் வந்த விரல்களுக்குக் குப்பியை அழுத்துவது உண்மையிலேயே வேதனை. இரண்டு கையாலும் பிடித்து இரண்டு ஆள்காட்டி விரல்களால் அழுத்தலாம், நெம்பி அழுத்த உதவும் துணைப்பொருட்களும் கிடைக்கின்றன. மறதி இருப்பவருக்குப் பத்துப் படி சொல்லி உபயோகமில்லை, மாஸ்க் பொருத்திய ஸ்பேசரைக் கொடுத்து வீட்டில் ஒருவருக்குச் சொல்லிக்கொடுங்கள்.

இங்கே சரி, வீட்டில் தப்பு

இது நடந்தே தீரும். சரியாகக் கற்றுக்கொண்டவர்களுக்கும் சில வாரங்களில் பழைய பழக்கம் திரும்பிவிடுகிறது, அதனால்தான் ஒவ்வொரு முறை வரும்போதும் எடுத்துக் காட்டச் சொல்லவேண்டும் என்கிறார்கள். சொல்லிக்கொடுத்த கையோடு, "இப்ப எனக்கு நீங்க சொல்லிக்கொடுங்க" என்று கேளுங்கள், விட்டுப்போன படி அங்கேயே தெரிந்துவிடும். ஐந்து பிழை இருந்தால் ஐந்தையும் ஒரே நாளில் திருத்தப் பார்க்காதீர்கள். மருந்தையே உள்ளே போகவிடாத பிழை எதுவோ அதை இன்றைக்குத் திருத்துங்கள், மிச்சம் அடுத்த முறை. அவர் சரியாகச் செய்வதை ஒரு நிமிடம் அவர் கைப்பேசியிலேயே வீடியோ எடுத்துக் கொடுத்துவிட்டால், வீட்டில் பார்த்துப் பார்த்துச் செய்வார். மருத்துவர் கருவியை மாற்றினாலும், மருந்துக்கடையில் அதே மருந்தை வேறு கருவியில் கொடுத்துவிட்டாலும், பாடத்தை முதலிலிருந்து தொடங்கவேண்டும்.

எல்லாம் சரி, ஆனாலும் திணறல்

கை சரி, மூச்சு சரி, குப்பியில் மருந்து இருக்கிறது, விடாமல் எடுக்கிறார், இருந்தும் திணறுகிறது என்றால் பிழை வேறு எங்கோ இருக்கிறது. புகைபிடிப்பது இன்னும் தொடர்கிறதா, சளியின் நிறமோ அளவோ மாறியதா, காய்ச்சல் உண்டா, கால் வீங்குகிறதா என்று கேட்டு, நீங்கள் பார்த்ததையும் சேர்த்து ஒரு தாளில் எழுதி மருத்துவரிடம் அனுப்புங்கள்: "ஸ்பேசரோடு முறையாக எடுக்கிறார், நேரில் பார்த்தேன்" என்ற ஒரு வரி அவருக்குப் பெரிய உதவி. ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாமல் இடையில் மூச்சு வாங்கினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, தூக்கக் கலக்கமும் குழப்பமும் தெரிந்தாலோ, அவசர இன்ஹேலருக்கும் அடங்காமல் போனாலோ தாளும் வேண்டாம் பாடமும் வேண்டாம், ஆம்புலன்ஸை அழையுங்கள். அது வந்துசேரும்வரை அவரை முன்பக்கம் சாய்த்து உட்காரவைத்து, மருத்துவர் சொல்லிவைத்த அளவில் அவசர மருந்தை ஸ்பேசர் வழியாக ஒவ்வொரு பஃபாகக் கொடுத்துக்கொண்டிருங்கள்.